பன்னிரண்டு கிராம்

அரைக்கிலோ தேன்குழல் பாக்கெட்டில் பன்னிரண்டு கிராம் குறைந்தது. கோட்டையூரில் ரவிக்குமாரின் பலகாரக் கம்பெனியில் நிறுத்து, சீல் வைத்து, பெட்டியில் அடுக்கும்போது சரியாக இருந்த எடை, செக்காலை ரோட்டில் மீனாள் ஆச்சியின் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் குறைந்திருந்தது. சீல் பிரியவில்லை. கவரில் ஓட்டை இல்லை.

கம்பெனியில் வேலையை மேற்பார்வையிடுபவள் ரேணுகா. அவளே கடைக்குப் போய், ஆச்சியின் தராசில் பன்னிரண்டு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பத்தில் எடை குறைந்தது. இரண்டு மட்டும் சரியாக இருந்தன. அந்த இரண்டிலும் ஒன்பதாம் தேதி அச்சாகியிருந்தது.

ஒன்பதாம் தேதி முத்தழகு லீவு. தராசு மேசையில் உட்கார்ந்து தினமும் நிறுப்பவள் முத்தழகு. அன்றைக்கு அவளுக்குப் பதிலாக, சீல் வைக்கும் பொன்னுத்தாயியே நிறுக்கும் வேலையையும் பார்த்தாள்.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் ரவிக்குமார். "அவ இல்லாத அன்னைக்கு மட்டும் எடை சரியா இருக்கு. சனிக்கிழமையோட நிறுத்திரு. கை சுத்தமில்லைன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

அப்படி ஒரு வரி எழுதிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பலகாரக் கம்பெனியும் முத்தழகைச் சேர்க்காது. அமராவதிபுதூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள் அவள். அதை எழுத ரேணுகா சனிக்கிழமைவரை அவகாசம் கேட்டு வாங்கினாள். அது புதன்கிழமை.

சாயங்காலம் வாசலில் பைகளைச் சோதித்தார்கள்.

"டிபன் பாக்ஸத் தொறந்து காட்டுடி," என்றாள் பொன்னுத்தாயி. "கம்பெனியே உள்ள இருந்தாலும் இருக்கும்."

முத்தழகு திறந்து காட்டினாள். கழுவிய டப்பா. பிறகு ரேணுகாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நாந்தான் எடுத்தேன்னே வச்சுக்கங்க. ஒரு நாளைக்கு முந்நூறு பாக்கெட்டு நிறுக்குறேன். பாக்கெட்டுக்குப் பன்னெண்டு கிராம்னா மூணரைக் கிலோவுக்கு மேல வருது. அதை எங்குட்டு ஒளிச்சுக் கொண்டு போவேன்? தேன்குழலு என்ன கம்மலா, காதுல மாட்டிக்கிட்டுப் போக?"

ரேணுகா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கணக்கையே நினைத்துக்கொண்டிருந்தாள். பண்டம் காணாமல் போகாது. ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் கூடியிருக்க வேண்டும். மூன்றரைக் கிலோ எங்கே கூடியது?

மறுநாள் காலை உற்பத்திப் பதிவேட்டை எடுத்தாள். பங்குனிவரை நூற்றைம்பது கிலோ தேன்குழலுக்கு முந்நூறு பாக்கெட்டு. சித்திரையிலிருந்து அதே மாவு, அதே எண்ணெய், அதே நூற்றைம்பது கிலோ. ஆனால் முந்நூற்றேழு பாக்கெட்டு. ஒன்பதாம் தேதி மட்டும் மறுபடி முந்நூறு. பாக்கெட் கூடினால் யாரும் விசாரிப்பதில்லை. குறைந்தால்தான் விசாரிப்பார்கள்.

ஆக, குறைந்த தேன்குழல் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஏழு பாக்கெட்டுகளாகி, லேபிள் ஒட்டிக்கொண்டு, வாசல் வழியாகவே கடைக்குப் போயிருக்கிறது. அந்த ஏழால் முத்தழகுக்கு ஒரு லாபமும் இல்லை. லாபம் உள்ளவர் ஒருவர்தான்.

இதை நினைத்ததும் ரேணுகாவுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தினமும் எட்டு மணிக்கு ஆட்கள் வருவதற்கு முன் ரவிக்குமார் பேக்கிங் அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கால் மணி நேரம் கழித்துத் திறப்பார். உள்ளே தராசு இருக்கிறது. வருடா வருடம் சோதித்து முத்திரை குத்திய தராசுதான். ஆனாலும் முத்திரையை ஏமாற்றும் வழிகள் இருப்பதாக அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். முத்தழகை அனுப்ப இத்தனை அவசரம் ஏன்?

வெள்ளிக்கிழமை ஏழரைக்கே வந்து பக்கத்து ஜன்னலோரம் நின்றாள். மீனாள் ஆச்சியிடம் கேட்டு வாங்கிய அரைக்கிலோ எடைக்கல் அவள் பையில் இருந்தது.

ரவிக்குமார் தராசைத் துடைத்தார். குங்குமம் வைத்தார். அதன் முன் விளக்கேற்றிவிட்டுத் தராசின் சுவிட்சைப் போட்டார். பூஜ்யம் வந்தது. முதல் பாக்கெட்டைத் தட்டில் வைத்துச் சூடம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சூடம் அணைந்ததும் விளக்கை மலையேற்றிவிட்டு, ஃபேனைப் போட்டார். கதவைத் திறந்தார். வேறு எதையும் தொடவில்லை.

ரேணுகா உள்ளே போனாள். பாக்கெட்டை எடுத்துவிட்டு எடைக்கல்லை வைத்தாள். 512 என்று காட்டியது.

"ஐந்நூறு கிராம் கல்லுண்ணே இது. ஒங்க தராசு பன்னெண்டு கூடக் காட்டுது. அந்தப் பன்னெண்டத்தான் எல்லாப் பாக்கெட்லயும் கொறைச்சு நிறுக்குறோம். மூணு மாசமா ஏழு பாக்கெட்டு கூட வருது. தினம் இந்த ரூம்புக்குள்ள தனியா இருக்குறது நீங்க. பழி மட்டும் முத்தழகுக்கு."

ரவிக்குமாரின் முகம் கறுத்தது. "சாமி கும்புட்டதையா வேவு பாத்த?"

"எடை கொறைஞ்சா எல்லாத்தையும்தான் பாக்கணும்."

"நா கை வச்சேன்னா நெனைக்குற? கல்ல எடு. காலித் தட்டப் பாரு."

அவள் எடுத்தாள். காலித் தட்டு 12 காட்டியது. உடனே 11. பிறகு 13. மறுபடி 12.

முத்தழகு ஒரு கையால் பாக்கெட்டை எடுக்கும்போதே மறு கையால் அடுத்ததை வைத்துவிடுவாள்; இத்தனை நாளில் காலித் தட்டை யாரும் நின்று பார்த்ததே இல்லை. ரேணுகா இப்போது நின்று பார்த்தாள். தராசுக்குள் யாராவது கள்ளத்தனம் செய்திருந்தால் எண் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது நடுங்குகிறது. எது நடுங்க வைக்கிறது? மேசையில் கிடந்த குங்குமக் காகிதமும் சேர்ந்தே நடுங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். தட்டுக்கு நேர் மேலே ஃபேன். வெக்கை தாங்கவில்லை என்று பங்குனிக் கடைசியில் அவளே கேட்டு மாட்டச் சொன்ன ஃபேன்.

சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் மெதுவாக நின்றன. எண்ணும் கூடவே இறங்கி 0 ஆனது. கல்லை வைத்தாள்: 500. ஃபேனைப் போட்டாள்: 512.

காற்றுக்கும் அழுத்தம் உண்டு. அகலமான தட்டின் மேல் அது கீழ்நோக்கி அடித்தால், தராசுக்கு அதுவும் எடைதான். ஃபேன் ஓடும்போதே பூஜ்யம் வைத்திருந்தால் அந்தக் காற்றும் கழிந்துபோயிருக்கும். ஆனால் விளக்கு அணையக்கூடாதென்று காற்றில்லாமல் பூஜ்யம் வைத்து, பிறகு காற்றோடு நாள் முழுக்க நிறுத்திருக்கிறார்கள்.

"ஒன்பதாந் தேதி?" என்றார் ரவிக்குமார்.

"அன்னைக்குப் பகல் முழுக்கக் கரண்டு கட்டு. தராசு பேட்டரியில ஓடுச்சு, சீல் மெஷின் இன்வெர்ட்டர்ல ஓடுச்சு. ஃபேன் ஓடலை. முத்தழகு லீவு எடுத்ததும் அன்னைக்கேதான். ரெண்டும் ஒரே நாளா வந்துருச்சு. நாம ஆளை மட்டும் பாத்தோம்." கல்லைத் தட்டிலிருந்து எடுத்தபடி, "ஒங்களத் தப்பா நெனைச்சதுக்கு மன்னிச்சுக்கங்கண்ணே," என்றாள்.

அவர் தலையாட்டினார். "கடையில இருக்குறதத் திருப்பி எடுத்துரலாம். தின்னவுகளுக்கு என்ன செய்யுறது?"

"எடை கொறைஞ்சதுன்னு கடைக்குக் கடை எழுதி ஒட்டுவோம். பழைய கவரக் கொண்டு வந்தா ஒரு பாக்கெட்டு குடுப்போம்."

"பேரு கெட்டுப்போகுமே."

"முத்தழகு பேரு மட்டும் கெடலாமாண்ணே?"

அவர் எடைக்கல்லை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். எட்டு மணிக்கு ஆட்கள் கூடியதும், எல்லோருக்கும் முன்னால் ஃபேனைப் போட்டும் அணைத்தும் எடையைக் காட்டினார். "முத்தழகு மேல சந்தேகப்பட்டது ஏந் தப்பு," என்றார்.

முத்தழகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சாயங்காலம் ஃபேனோட டிபன் பாக்ஸையும் தொறந்து பாத்துருங்கண்ணே."

பொன்னுத்தாயிதான் முதலில் சிரித்தாள். ரவிக்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைகளுக்குப் போன் போட ஆரம்பித்தார், முதலில் மீனாள் ஆச்சிக்கு.

தராசு இப்போது ஃபேன் காற்று எட்டாத சுவரோரம் இருக்கிறது. விளக்கை மலையேற்றி, ஃபேன் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிய பிறகே காலித் தட்டில் பூஜ்யம் வைக்கிறார்கள். முதல் பாக்கெட்டுக்கு முன்னும், பிறகு ஐம்பது பாக்கெட்டுக்கு ஒருமுறையும், நிறுக்காத ஒருவர் வந்து எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறார். 500 காட்டினால் வேலை தொடரும். காட்டாவிட்டால், முந்தைய ஐம்பதையும் பிரித்து மறுபடி நிறுக்க வேண்டும்.