பச்சை கட்டிய வயல்

வாய்க்கால் மேட்டில் ஏறியதுமே சாந்தாமணி நின்றுவிட்டாள். போன வாரம் சோகை பிடித்தாற்போல் வெளிறிக் கிடந்த நெல், இன்றைக்குப் பச்சை கட்டிக் கருகருவென்று இருந்தது. வேறு யாராவதாக இருந்தால் மாசாணியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார்கள். இயற்கை உழவு ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகக் கோவைக்கும் ஆனைமலைக்கும் பஸ்ஸில் அலைந்து தேய்ந்தவள் அவள். எருவும் சணப்புத் தழையும் மட்டும் போட்ட வயல் ஒரே வாரத்தில் இப்படித் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். ரசாயன உரத்திலேயே பழகிய மண் தேறச் சில வருடங்கள் பிடிக்கும். அதுவரை பயிர் வெளிறும், விளைச்சல் விழும். எவ்வளவு விழுகிறது, எப்போது எழுகிறது, அதுவரை விவசாயியை அரசாங்கம் எப்படித் தாங்குவது என்று பார்க்கத்தான் இந்தத் திட்டமே. அதை நீட்டிப்பதா மூடுவதா என்று முடிவு செய்ய இன்று சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார்.

நிலத்துக்காரர் அங்கப்பன் வரப்பில் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். ஊரே சிரித்தபோதும் மூன்று வருடமாக இந்த வயலில் உரம் படாமல் காத்துக்கொடுத்த மனிதர்.

"ஏனுங்கம்மணி, எப்படி இருக்குதுங்க நம்ம பயிரு?"

"அண்ணா, யூரியா போட்டீங்களா?"

அவர் மறைக்கவில்லை. விருந்தாளிக்குக் கோழி அடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "போன வாரம் நீங்க இங்க நின்னு கண்ணத் தொடச்சதப் பார்த்துப்போட்டு எங்கூட்டுக்காரி சோறே உங்கலீங்க. பெரிய ஆபீசர் வாராருங்கறீங்க. மஞ்சப் பயிரக் காட்டி உங்களத் தலைகுனிய உடறதுங்களா? ரண்டு பேருமா எறைச்சுப்போட்டமுங்க. ஈ காக்காய்க்குத் தெரியாதுங்க."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகைதான் வந்தது. அவள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்று வருட உழைப்பையும் கவிழ்த்துவிட்ட இந்த நல்ல மனிதரை என்னவென்று திட்டுவது?

"மஞ்சளா இருந்தா மஞ்சளா இருக்குதுன்னுதானுங்கண்ணா நான் சொல்லோணும். அதுதானுங்க என்ற வேலை."

"மஞ்சளா இருந்தா திட்டத்த நடத்துவாங்களாங்க?"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி திருமூர்த்தி இறங்கியதும் பக்கத்து வயல் வேலனும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றான். அங்கப்பனை இத்தனை நாள் கேலி பேசியவர்களில் முதல் ஆள் அவன். இன்று பயிரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அருமைம்மா!" என்றார் திருமூர்த்தி. "இப்படி வரும்னா இன்னும் ஆராய்ச்சி எதுக்கு? மானியம், நட்ட ஈடு எதுவும் வேண்டாம். அடுத்த போகத்துல எல்லாரையும் உரத்தை நிறுத்தச் சொல்லிடலாம். என்ன போட்டீங்க பெரியவரே?"

அங்கப்பன் சாந்தாமணியின் முகத்தைப் பார்த்தார். "எரு மட்டுந்தானுங்க."

"அப்பறம் என்னங்க, வார போகத்துல நானும் உரத்த உட்டுப்போடறனுங்க" என்றான் வேலன்.

அவனுக்கு இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்தான். அது மஞ்சளித்து நிற்கும்போது ஏனென்று கேட்க ஒரு நாதி இருக்காது. அவள் வாயைத் திறந்தால் திட்டம் போய்விடும், அங்கப்பனும் ஊரில் தலைகாட்ட முடியாது. இரண்டில் எது நடந்தாலும் பாவம்தான்.

"யூரியா போட்டிருக்குதுங்க சார்."

திருமூர்த்தி சிரித்தார். "அப்போ எருவால ஆகலைன்னுதானே அர்த்தம்?"

"ஆகாதுன்னு இல்லீங்க சார், நாளாகும்..."

"மூடிடலாம்மா" என்று அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். வேலன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, அங்கப்பனை ஏறெடுத்தும் பாராமல் போனான்.

ஜீப் சத்தம் அடங்கியது. அங்கப்பன் மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டினார். வயலில் கட்டியிருந்த தண்ணீர் வடிகாலுக்குள் விழுந்து ஓடியது.

"தண்ணிய வடிச்சுட்டா அந்த உரமும் போயிருமுங்களா அம்மணி?"

அந்த உரம் எப்போதோ இலைக்கு ஏறிவிட்டிருந்தது. அவள் கருத்து நின்ற பயிரைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, வெட்டிய இடத்தை இன்னும் அகலமாக வெட்டத் தொடங்கினார்.