சங்குத்தீவுத் தூதரகம் சாய்ந்ததும் நிமிர்ந்ததும்

சங்குத்தீவுக் குடியரசின் டெல்லித் தூதரகம் 2023 ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், கிழக்கே ஒரு முழம் சாய்ந்தது. அன்று காலைதான் அந்தச் சிறிய நாடு, தன் கடலைக் காக்க டெல்லி கொடுத்த நான்கு ரோந்துப் படகுகளை ஏற்றிருந்தது. மறுமாதம் கடலுக்கு அப்பாலிருந்த இன்னொரு பெரிய நாட்டின் ரேடாரை ஏற்றதும் தூதரக வீடு மேற்கே சாய்ந்தது. பத்திரிகைக்காரர்கள் எதிர்ச்சாரியில் டீ குடித்தபடி, அறிக்கைக்குக் காத்திராமல், வீடு சாய்ந்த பக்கத்தைப் பார்த்தே செய்தி அனுப்பினார்கள். சமையல்காரி குஞ்சம்மாள், சிந்தாமலிருக்க, பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் சாம்பார் ஊற்றுவதை நிறுத்தினாள். பத்தொன்பது வருடமாக அங்கே செயலாளராக இருந்த, ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் வரும் ஜலஜா, அந்தந்த வாரம் தாழ்ந்திருக்கும் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள்.

2025 பிப்ரவரியில் இரண்டு பெரிய நாடுகளும் தீவின் தென்துறைமுகத்தைத் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்குக் கேட்டன. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் அரிசியை நிறுத்துவார், மாற்றிக் கொடுத்தால் இவர் டீசலை நிறுத்துவார். ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்லும்படி தீவின் தலைநகரிலிருந்து தூதர் அருள்மணிக்கு உத்தரவு வந்தது. வீடு காலையில் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் சாயத் தொடங்கி, சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. யாருக்குக் கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பக்கம் விழுந்துவிடும் என்றார் வந்து பார்த்த எஞ்சினியர். அருள்மணி அந்தத் துறைமுகத்தில் பிறந்தவர், ஒரு காலத்தில் அங்கே கப்பல்களுக்கு வழிகாட்டியவர். அவர் அண்ணன் இன்னும் அங்கே மீன்பிடிக்கிறார். மூன்று நாள் அவர் குத்தகைக் காகிதங்களையே புரட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள், முதல்முறையாக, ஜலஜாவிடம் யோசனை கேட்டார்.

தன் ஃப்ளாட் நடுமாடியில் இருப்பதையும், மேல்வீடும் கீழ்வீடும் தண்ணீர் மோட்டாருக்காகப் பன்னிரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாததையும் அவள் சொன்னாள்.

"ரெண்டாத்துக்காரரும் ஊருக்குப் போனா சாவிய எங்கிட்டதான் குடுப்பா சார். எங்காத்துச் சாவிய நான் ரெண்டு பேர்ட்டயும் குடுத்ததில்ல."

அருள்மணி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு வரி எழுதினார். பிறகு, "டைப் பண்ணுங்கம்மா," என்றார்.

இரண்டே பக்கம். எந்த நாட்டுக் கப்பலும் பழுதுபார்க்க வரலாம், ஏழு நாளில் போய்விட வேண்டும். யாருடைய படையும் தங்காது. படகையும் ரேடாரையும் தீவுக்காரர்களே ஓட்டுவார்கள். கடலில் கண்டதை எல்லோருக்கும் சொல்வார்கள். தலைநகர் இரண்டு நாள் தயங்கிச் சம்மதித்தது. பெரிய நாடுகள் இரண்டும் கோபித்துக்கொண்டன. மற்றவருக்கும் துறைமுகம் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் கோபம் தணிந்தது. மார்ச்சில் தூதரகக் கூடத்தில், ஒரே மேசையில் இரண்டும் கையெழுத்திட்டன.

இரண்டாவது கையெழுத்து முடிந்ததும் வீடு நிமிர்ந்தது. சுவரின் விரிசல் மூடிக்கொண்டது. அதோடு நிற்காமல், வீடு தரையைவிட்டு ஒரு முழம் எழும்பி அங்கேயே நின்றது. பின்கதவைத் திறந்த குஞ்சம்மாள், "யம்மா, தரை எட்டலயே," என்றாள். ஜலஜா புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு குதித்தாள். அடுத்து அருள்மணி குதித்தார். புல்தரையில் நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டார். இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மாநகராட்சி ஆள் வந்து அடியில் டேப் விட்டு அளந்து, குடிநீர்க் குழாயை நீட்டித் தரும்படி எழுதிவைத்துவிட்டுப் போனார். விசாவுக்கு வருகிறவர்கள் வாசலில் காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து உள்ளே போகிறார்கள்.