கோட்டுக்குத் திரும்பாத தூக்குக்குண்டு

சும்மா நிற்பதற்குக் கூலி உண்டு என்று மேஸ்திரி சொன்னபோது எங்களில் யாரும் நம்பவில்லை. படகுப் பட்டறையில் துரு சுரண்டுகிறவன் நான். சுரண்டிச் சுரண்டியே ஒரு தோள் இறங்கிப்போனவன். என்னையும் இன்னும் ஐந்து பேரையும் தராசில் ஏற்றி, எடையைச் சாக்பீஸால் சட்டை முதுகில் எழுதி, புதுப் படகின் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"மாட்டுச் சந்தை மாதிரியில்ல இருக்கு," என்றார் வெல்டர்.

"மாட்டுக்குப் பல்லையும் பிடிச்சுப் பாப்பாங்க. உனக்கு அது இல்லங்கிறதால எடையோட விட்டுட்டாங்க," என்றார் மேஸ்திரி.

வேலை இதுதான். இன்ஜினியரம்மா கையைக் காட்டினால் ஆறு பேரும் இடப்பக்கம் போய் நிற்க வேண்டும். எங்கள் கனத்துக்குப் படகு அந்தப் பக்கம் சாயும். எவ்வளவு சாய்கிறது என்பதை, திறந்திருந்த அடிக்கிடங்கின் வாயில் தொங்கிய தூக்குக்குண்டு காட்டும். கொத்தனார் சுவர் பிடிக்கிற அதே குண்டுதான். ஆட்டம் அடங்குவதற்காக அதை எண்ணெய் வாளிக்குள் முக்கித் தொங்கவிட்டிருந்தார் இன்ஜினியரம்மா. நூலுக்குப் பின்னால் ஒரு பலகை, பலகையில் ஒரு நடுக்கோடு. இடப்பக்கம் முடிந்ததும் நாங்கள் வலப்பக்கம் போக வேண்டும், பிறகு நடு. அந்தச் சாய்வை வைத்துக் கணக்குப் போட்டால், கடலில் காற்று தள்ளும்போது படகு எழும்புமா, கவிழுமா என்று தெரிந்துவிடுமாம்.

இந்தப் படகுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். எங்கள் முகத்துவாரத்தில் ஒரு மணல்மேடு இருக்கிறது. அதைத் தாண்டப் படகின் அடி தட்டையாக இருக்க வேண்டும், ஆழம் வைத்தால் தரை தட்டும். மேட்டின் மேல் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஒன்று அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். மூக்கை உயர்த்தாவிட்டால் படகு அதற்குள் குத்திக்கொண்டு போய்விடும். மூக்கு உயர்ந்தால் ஓட்டுகிறவனுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. அதற்காகச் சுக்கான் அறையை மாடி வீடு மாதிரி ஏற்றிக் கட்டினார்கள். ஏற்றியதும், சாயங்காலம் தரையிலிருந்து கிளம்புகிற காற்றுக்கு அது நல்ல பிடியாகிவிட்டது. அலைக்குச் செய்தால் காற்று குறை சொல்லும், காற்றுக்குச் செய்தால் மணல் குறை சொல்லும். மூன்று மாமியாருக்கு வாய்த்த ஒரே மருமகள் அந்தப் படகு.

அதை ஓட்டப்போகிறவன் என் மச்சினன். தாயில்லாமல் என் மனைவியின் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி. "நீங்க நின்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. சரியில்லன்னா அவன அதுல ஏத்த மாட்டேன்," என்று காலையில் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். காரணம் இருந்தது. முந்தின நாள் வெள்ளோட்டத்தில் அவன் இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். மேட்டருகே ஓர் அலை படகைப் பக்கவாட்டில் தூக்கிச் சாய்த்திருக்கிறது.

"சாஞ்சவ சட்டுனு எழும்பல அத்தான். எழும்பலாமா வேணாமான்னு அப்படியே யோசிச்சிட்டு கெடந்தா. அந்த நேரம் எனக்கு உசிரு எங்க இருந்துச்சுன்னே தெரியல," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் தட்டில் வைத்த சாப்பாட்டில் கை படவில்லை.

அன்று காலை காற்றே இல்லை. துறைத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. இடப்பக்கம் போனோம், வலப்பக்கம் போனோம், நடுவுக்கு வந்து நின்றோம். நூல் கோட்டுக்கு வரவில்லை. கோட்டுக்கு இடப்பக்கமாக ஒரு விரல் தள்ளி நின்றது.

"யாரு இன்னும் அந்தப் பக்கம் நிக்கிறது?" என்று தலை நிமிராமலே கேட்டார் இன்ஜினியரம்மா.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எல்லோரும் நடுவில்தான் இருந்தோம்.

எங்களைக் கீழே இறங்கச் சொன்னார். வாளியைப் பிடிக்க நான் மட்டும் இருந்தேன். அப்போதும் படகு இடப்பக்கமே சாய்ந்திருந்தது. அடைத்த அறைகளில் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கும் என்று மூடிகளைத் திறக்கச் சொன்னார். திறக்க வழியில்லாத இடத்தில் வெல்டர் துளை போட்டார். உள்ளிருந்து இரும்புத்தூள்தான் உதிர்ந்தது. டார்ச் அடித்து, கம்பியை விட்டு, கையையும் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் காய்ந்து கிடந்தது.

இன்ஜினியரம்மா கணக்குப் போட்டார். அடித்துவிட்டு மறுபடி போட்டார். "கம்பி ஓரமா ஒரு ஆள் நின்னா என்ன கனமோ, அது அங்க இருக்கு," என்றார். கொஞ்சம் கனத்த ஆள் என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் மச்சினன் தோளில் பையோடு வந்தான். "என்ன அத்தான், பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணு ஓடிப்போன மாதிரி எல்லாரும் நிக்கிறீங்க?" என்றபடி இடப்பக்கக் கம்பியைத் தாண்டிப் படகுக்குள் குதித்தான்.

அவன் ஏறினால் பஸ்ஸே ஒரு பக்கம் சாயும் என்று அவன் அக்காவே கேலி செய்வாள். நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் அசையவில்லை. வாளியில் எண்ணெய்கூட அலுங்கவில்லை.

"இன்னொரு தடவை குதிங்க," என்றார் இன்ஜினியரம்மா.

குதித்தான். தகடு அதிர்ந்த சத்தம் கேட்டது. நூல் அப்படியே நின்றது.

"அந்தப் பக்கம் நடங்க."

அவன் நடந்தான். நூலும் அவனோடு நடந்தது. கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய், அவன் நின்றதும் நின்றது. பெயிண்ட் அடிப்பதற்காக அந்தப் பக்கம் ஒரு மிதவை கட்டியிருந்தார்கள். அவன் அதில் இறங்கினான். படகு நிமிரவில்லை. வலப்பக்கம் சாய்ந்தபடியே இருந்தது.

மிதவையிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தான். "அத்தான், நான் எறங்கிட்டேன்தானே?"

"எறங்கிட்டடா."

"அவளுக்கு அது தெரியலையே."

இன்ஜினியரம்மா கணக்குத் தாளை மடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார், "ஏறி வாங்க. நடுவுல கொஞ்ச நேரம் நில்லுங்க. கனத்த அங்கயே விட்டுட்டுப் போயிடுங்க."

அவன் மூட்டை சுமக்கிறவன் போலக் காலை இழுத்து இழுத்து நடுவுக்கு வந்தான். நின்றான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் கால் வைத்தான். நூல் கோட்டின் மேல் ஊசி மாதிரி நின்றது. அவன் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனான்.

சுக்கான் அறையில் பாதியை வெட்டிக் குறைக்க வேண்டும் என்று இன்ஜினியரம்மா முதலாளியிடம் சொன்னார். "நூலுதான் கோட்டுல நிக்குதே, இன்னும் என்ன?" என்றார் முதலாளி. படகு சரிதான் என்று வேறு யாரையோ பிடித்துக் கையெழுத்து வாங்கி, மொட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவரை வைத்துப் படகைத் தொழிலுக்கு இறக்கிவிட்டார். என் மனைவிக்கு நிம்மதி. தம்பி கரையில் இருக்கிறான், அது போதும் அவளுக்கு. நான் பார்த்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே இருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் தரைக்காற்று கிளம்பியது. கொடியில் கிடந்த துணியெல்லாம் கடல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. மச்சினன் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். மெல்ல இடப்பக்கம் சாய்ந்தான். ஊசியை எடுக்கக் குனிகிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்தான், வலப்பக்கம் சாய்ந்தான். மறுபடி இடப்பக்கம் சாய்ந்தவன் நிற்கவில்லை. முழங்கை தரையில் ஊன்றியது. கண் திறந்தே இருந்தது.

"என்னடா செய்யுது?" என்று அவன் அக்கா ஓடி வந்தாள்.

"யோசிக்கிறா அக்கா," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. புரியும்வரை அவள் காத்திருக்கவும் இல்லை. அவன் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நானும் பிடித்தேன். ஆள் கனம் இல்லை அது. வீட்டையே தூக்குகிற மாதிரி இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகாலைச் சுவரில் உதைத்து, ஒரு மூச்சு தள்ளினாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான். காற்று அடங்கும்வரை இரண்டு பேரும் அவனுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "இதையா மறைச்சீங்க," என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை மொட்டை எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து சாயங்காலம் மேட்டுக்கிட்ட காத்து புடிச்சுத் தள்ளிருச்சு. சுக்கான் ரூம் கண்ணாடில தண்ணி நக்குது. நாலு பேரும் புள்ளகுட்டிய நெனச்சு அழுதாச்சு. பொறவு பாத்தா, அடியில யாரோ தோளு குடுத்த மாதிரி எழும்புறா."

என் மனைவி அவரைப் பார்க்கவில்லை. தோளில் கன்றிப்போன இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சினன் எழுந்து சட்டையை மாட்டினான். "இனிமே நானே ஓட்டுறேன். இங்க இருந்தாலும் சாயத்தான போறேன். அங்க இருந்தா எந்த அலைக்குச் சாயுறோம்னாவது தெரியும்."

"உக்காரு," என்றாள் அவள்.

"அக்கா, அதுல இருக்கிறது என் கனம்."

"இருக்கட்டும். அங்க போயி நீ சாஞ்சா உன்னைத் தாங்க யாரு இருக்கா? கடலா தாங்கும்? இங்கன்னா நான் இருக்கேன். உக்காருடா."

அவன் உட்கார்ந்தான். மொட்டை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். மத்தியானத்துக்கு மேல் படகு மறுபடி மேட்டைத் தாண்டிப் போனதைப் பட்டறையிலிருந்து பார்த்தேன். மேஸ்திரியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவள் அரிவாள்மனையை அவனுடைய இடப்பக்கம் போட்டு, அவன்மேல் முதுகை முட்டுக்கொடுத்தபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் கதவு தானாக ஒருமுறை அடித்துக்கொண்டது. அவள் நறுக்குவதை நிறுத்தி, அரிவாள்மனையை மடக்கித் தள்ளி வைத்தாள்.