அம்மாவுக்கு அளவெடுத்த நாள்

அம்மாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புண் ஆறிவிட்டது, இனி செயற்கைக் கால் போடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை தங்கை அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருக்கிறது பட்டறை. கால்கள் செய்கிற இடம்.

நான் அங்கே இருப்பது அம்மாவுக்குத் தெரியும். ஏன் இருக்கிறேன் என்பதுதான் தெரியாது; கல்லூரிப் பயிற்சி இன்னும் முடியவில்லை என்று நினைத்திருந்தாள். இறையியல் கல்லூரியில் மூன்றாம் வருடம் எல்லோரையும் ஆறு மாதம் எங்காவது அனுப்புவார்கள், நோயாளிகளோடு பேச, ஜெபிக்க. என்னை இங்கே அனுப்பினார்கள். அந்த ஆறு மாதம் முடிந்து இன்னும் எட்டு மாதம் போய்விட்டது. கல்லூரிக்கு விலகல் கடிதம் கொடுத்துவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். தங்கைக்கு மட்டும் தெரியும். சபையில் ஜெபக் குறிப்பு கேட்கும்போதெல்லாம் அம்மா கையைத் தூக்கி, என் மகனுடைய பரீட்சைக்காக என்பாள். மொத்தச் சபையும் கண்ணை மூடி ஜெபிக்கும். நானும் கண்ணை மூடி ஆமென் சொல்வேன். எழுதாத பரீட்சைக்கு இத்தனை ஜெபம் வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம் அண்ணனிடமிருந்து தொடங்கியது. மூன்று முறை கரு தங்காமல் போனபின், பிறக்கிற முதல் ஆண் பிள்ளையை ஆண்டவருடைய ஊழியத்துக்குத் தருவதாக அம்மா பொருத்தனை செய்தாள். அண்ணன் பிறந்தான். ஏழு வயதில், எட்டே நாள் காய்ச்சலில் போய்விட்டான். வியாழக்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மா நாலு வயதான என் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெளியே வந்ததும் அத்தை, "ஒண்ணை எடுத்துக்கிட்டாரு, இன்னும் எத்தனைதான் கொடுப்பே?" என்று கேட்டாளாம். அம்மா அவளோடு இரண்டு வருடம் பேசவில்லை.

கல்லூரியில் ஒவ்வொருவரும் தங்கள் அழைப்பைப் பற்றிச் சாட்சி சொல்வார்கள். ஒருவனுக்குக் கனவில் வந்தது, இன்னொருவனுக்கு ஒரு வசனத்தில் வந்தது. என் முறை வரும்போது நான் அம்மாவின் பொருத்தனையைச் சொல்வேன். நல்ல சாட்சி என்று கை குலுக்குவார்கள். என்னை அழைத்தது ஆண்டவரா அம்மாவா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளப் பயந்தேன்.

பட்டறைக்கு வந்த புதிதில் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க வாயைத் திறந்தால் மனப்பாடம் செய்ததுதான் வரும். ஒருநாள் ஒரு லாரி டிரைவருக்குப் புதுக் காலைப் போட்டு நிற்க வைத்தார்கள். ஓரிடத்தில் உரசியது. அங்கே அச்செடுக்கிற பிளாஸ்டர் அக்கா அரத்தை என் கையில் கொடுத்து, "சும்மாதானே நிக்கிறீங்க பாஸ்டர், கொஞ்சம் தேயுங்க" என்றாள். தேய்த்தேன். அவர் எழுந்தார், ஜன்னல்வரை நடந்தார், வெளியே நின்ற தன் லாரியை எவனாவது இடித்துவிட்டானா என்று எட்டிப் பார்த்தார். நன்றிகூடச் சொல்லவில்லை. ஆண்டவரே, இதுதானா என்று மனதுக்குள் கேட்டேன். குரல் ஒன்றும் வரவில்லை. கேட்டு முடிப்பதற்குள் என் கை அடுத்தவருக்கான பிளாஸ்டர் துணியை நனைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மாவின் முன்னால் முட்டிபோட்டு, வெட்டுப்பட்ட முனையில் ஈரத் துணியுறையை மாட்டினேன். அம்மா பிளாஸ்டர் அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அடுத்த வருடம் இவன் போதகர் அங்கி போட்டுவிடுவான் என்று. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பிளாஸ்டர் மாவு கரைக்கப் போனாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

"அம்மா, நான் காலேஜுக்குத் திரும்பிப் போகலை."

"எப்போ போறே?"

"போகப் போறதில்லை. இங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டேன். எட்டு மாசமாச்சு."

அம்மா என் கைகளைப் பார்த்தாள். "ஊழியத்தை விட்டுட்டு கால் செய்யப் போறியா?" என்றாள்.

தொட்டிப் பக்கத்திலிருந்து அக்கா, "நம்ம ஆண்டவரும் தச்சு வேலை பார்த்தவர்தானேம்மா" என்றாள்.

அம்மா திரும்பவில்லை. "பார்த்தாரு. அப்புறம் விட்டுட்டு வந்தாரில்ல?"

பதினாலு வருடமாக அந்தப் பட்டறையில் அக்காவின் வாயை யாரும் அடைத்ததில்லை.

"அப்போ உங்க அண்ணன் எதுக்குடா போனான்?" என்றாள் அம்மா. சத்தமாகக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பதைப்போலக் கேட்டாள்.

மூன்றாம் வருடம்வரை இறையியல் படித்தவன். "தெரியலம்மா" என்றேன்.

துணி காய்ந்துகொண்டிருந்தது. அது ஈரமாக இருக்கும்போதே, தொட்டால் வலிக்கிற இடங்களை நீலப் பென்சிலால் குறிக்க வேண்டும். மேலே பிளாஸ்டர் சுற்றிக் கழற்றினால் அந்த நீலம் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அதற்குள் மாவை ஊற்றி எடுக்கும் அச்சிலும் அது பதிந்து வரும். நீலம் பட்ட இடத்தில் மாவு பூசி மேடாக்குவோம். அந்த அச்சின்மேல் செய்கிற, வெட்டுப்பட்ட முனை உட்காரும் கிண்ணத்தில் அங்கே பள்ளம் விழும். வலிக்கிற இடத்தைக் கிண்ணம் தொடாது.

விரலால் அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மூன்று மாதமாகப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், ஆண்டவர் கிருபையில் வலியே இல்லை என்றுதான் சொல்லி வந்தாள். இன்னோர் இடத்தில் அழுத்தினேன். கண் சுருங்கியது. இல்லை என்றாள்.

"பொய் சொன்னா அங்கேயே குத்தும்மா" என்றேன். எட்டு மாதம் பொய் சொன்னவன் சொல்கிற பேச்சா அது.

அவளே என் விரலைப் பிடித்து வைத்தாள். "இங்க." நீலம் வைத்தேன். "இங்க. எலும்புக்குக் கீழே, இங்கயும்." பதினோரு இடம். கடைசியில், "இல்லாத விரலும்தான் வலிக்குது. அதுக்கு எங்க குறி போடுவே?" என்றாள்.

நான் பிளாஸ்டர் துணியைச் சுற்றத் தொடங்கினேன். அது சூடேறி இறுகும்வரை அவள் அசையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் சொன்னாள்.

"உன்னை நான் கேக்கவே இல்லை. அவரை மட்டும்தான் கேட்டேன்."

"அவர் என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. நானா சரின்னு எடுத்துக்கிட்டேன்."

பிளாஸ்டரைக் கழற்றியதும் தங்கை அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் வீட்டில் என்னிடம் சாப்பிட்டியா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கோபமா, வெட்கமா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் கேட்கவில்லை. கால் தயாராகட்டும், நின்று பார்க்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கால் முடிந்தது. திங்கட்கிழமை போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை, தங்கை தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு என்றார்கள்.

அடக்கத்தின்போது போதகர் அவளை, ஒரு மகனை ஊழியத்துக்குக் கொடுத்த தாய் என்றார். அண்ணனைச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். யாரும் போடாத காலைப் பிரித்துவிடுவதுதான் பட்டறை வழக்கம். குழாயையும் பாதத்தையும் வேறொருவருக்கு மாட்டலாம். கிண்ணம் ஒருவருக்கு மட்டும்தான் பொருந்தும். நான் பிரிக்கிறேன், நீங்க போய் டீ குடிங்க என்றாள் அக்கா. நானே செய்கிறேன் என்றேன். கிண்ணத்துக்குள் கையை விட்டுத் தடவினேன். பதினோரு பள்ளமும் இருந்தன. எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தன. ஆண்டவரே, இது என் வேலைதான், இனி எனக்குச் சந்தேகமில்லை என்றேன். மனப்பாடம் செய்யாத ஜெபம். அதைச் சொல்லும்போது கொஞ்சம்கூடச் சந்தோஷமில்லை. திருகாணியைக் கழற்றினேன்.

பாதத்தின் அளவு வெளியே காத்திருந்த தையல்காரப் பெண்ணுக்குச் சரியாக இருந்தது. அவர் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற யாருக்கோ செஞ்சதா தம்பி? புதுசாட்டம் இருக்கே."

"புதுசுதான்க்கா" என்றேன். "இதுல இன்னும் யாரும் நடக்கலை."