கொலைகாரனின் அடுப்படி

"அக்கா, சாப்பிட்டு முடிச்சிட்டீங்கல்ல? முடிக்கலைன்னா பார்க்காதீங்க, குமட்டிக்கிட்டு வரும்" என்று சொல்லிக்கொண்டே ரிசப்ஷன் பெண் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மதிய இடைவேளை. லாட்ஜின் துணி அறையில், வெளுத்து வந்த படுக்கை விரிப்புக் கட்டுகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். போனில் முகமூடி போட்ட ஒருவன் ரத்தக் கத்தியைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தான். ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. குழாயைத் தெரிந்தது. திருகு தேய்ந்து ஒழுகுகிறதென்று நான் பழைய நைட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டி வைத்த குழாய். அந்தப் பூப்போட்ட துணியைக்கூட அவிழ்க்காமல் அப்படியே படம் பிடித்திருந்தார்கள்.

கொழுந்தன் எடுத்த படம் அது. என் வீட்டுக்காரரின் தம்பி. சொற்பப் பணத்தில், நண்பர்களை வைத்து எடுத்து, இணையத்தில் இலவசமாக விட்டிருந்தான். ரத்தம் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதால் நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில்தான் எடுத்தான் என்று தெரியும். அதில் எதைக் காட்டினான் என்று தெரியாது.

"படம் மகா மட்டம்க்கா. கீழே எழுதியிருக்கிறதுதான் படத்தைவிட நல்லா இருக்கு. கேளுங்க" என்று அவள் படிக்க ஆரம்பித்தாள். "'கொலைகாரன் நடிப்பைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த அடுப்படி இருக்கிறதே, ஐயோ! ஆர்ட் டைரக்டர் கையைக் கொடுங்க.' இது இன்னொருத்தர். 'கத்தியைப் பார்த்துப் பயப்படவில்லை, சிங்க்கைப் பார்த்துப் பயந்தேன்.' இதைக் கேளுங்கக்கா. 'இந்த மாதிரி இடத்தில் மனுஷன் சமைத்துத் தின்பானா? அவன் மிருகம் என்று காட்ட இந்த ஒரு காட்சி போதும்.'"

அந்தக் கடைசிக் கருத்துக்கு அடியில் ஒரு சிவப்பு இதயம் இருந்தது. படம் எடுத்தவனே போட்டது. கூடவே பதிலும் எழுதியிருந்தான்: மிக்க நன்றி, எங்கள் கலை இயக்கக் குழுவின் மூன்று வார உழைப்பு.

"மூணு வாரமாம்க்கா! சுவரை அப்படி ஊறவைக்கவே ஒரு வாரம் ஆகியிருக்கும் போல" என்றாள் அவள். கூட உட்கார்ந்திருந்த, துணி துவைக்கிற பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றுவரை என் வயிறு எரிவது அதற்குத்தான். எழுதினவன்மேல்கூட இல்லை. என் வீட்டைப் பார்த்து நாலு பேர் சிரிக்கும்போது, எங்கே கண்டுபிடித்துவிடுவார்களோ என்று கூடச் சேர்ந்து சிரித்தேன் பாருங்கள், அதற்குத்தான்.

அந்த லாட்ஜில் அறைகளின் சுத்தத்துக்கு நான்தான் பொறுப்பு. குழாயில் ஒரு துளி தண்ணீர்க் கறை நின்றாலும் மறுபடி துடைக்கச் சொல்வேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர் உண்டு. அப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போனால், மழைக்காலம் போய் வெயில் வந்தாலும் ஓதம் காயாத சுவருக்கு முன்னால் நின்று சமைக்கிறேன். தேய்க்காமலா விட்டேன்? தேய்க்கத் தேய்க்கக் காரைதான் கையோடு வந்தது. ஒருபக்கக் கீல் போன அலமாரிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். சிங்க்குக்குக் கீழே வாளி வைத்து, நிரம்ப நிரம்ப எடுத்துக் கொட்டினேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து கேட்கிறேன், அந்தச் சுவரை இடித்துக் கட்டுங்கள் என்று. "பொதுச் சொத்து. தம்பியை ஒரு வார்த்தை கேட்கணும்" என்பார் அவர். மாமனார் பாகம் பிரிக்காமல் போய்ச் சேர்ந்த வீடு. தம்பியைக் கேட்டால், "பாகம் பிரிச்சப்புறம் பார்த்துக்கலாம் அண்ணி" என்பான். அவன் குடியிருக்கும் வாடகை வீட்டு அடுப்படியில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அத்தனை பளபளப்பு.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் நான் லாட்ஜுக்கு லீவு போட்டுவிட்டு அந்த அடுப்படியைத் தேய்த்தேன். வெளி ஆட்கள் வருகிறார்களே, மானம் போகக் கூடாதே என்று. மறுநாள் காலையில் குடுமி போட்ட ஒரு பையன் வந்தான். அவன்தான் ஆர்ட் டைரக்டர் என்றார்கள். வாசற்படியிலேயே அசையாமல் நின்றான். சுவரைப் பார்த்தான், சிங்க்கைப் பார்த்தான், மெதுவாக என் பக்கம் திரும்பி, "அக்கா, பிரமாதம். தயவுசெஞ்சு எதையும் தொட்டுடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்று ராத்திரி அவரிடம், "பார்த்தீங்களா, சினிமாக்காரங்களே அசந்துட்டாங்க. எல்லாம் தேய்க்கிற கையில இருக்கு" என்று வேறு பீற்றிக்கொண்டேன். அந்தப் பையனுக்கு மட்டும் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன். மண்டு, மண்டு!

லாட்ஜில் அந்தக் கருத்துகளைக் கேட்ட அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், அவரைப் போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அவர் லாரி ஓட்டுகிறவர். எதையும் நிதானமாகத்தான் படிப்பார். ஒவ்வொன்றாகப் படித்து, அந்த இதயத்துக்கு வந்ததும் கட்டைவிரல் நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரோ வேலையத்தவன் எழுதுறான். அதைப்போய் மனசுல போட்டுக்கிட்டு…" என்றார்.

"முன்னப்பின்ன தெரியாதவனுக்கு ஒரு நிமிஷத்துல கண்ணுல பட்டது, தினம் அங்க உட்கார்ந்து தின்கிற உங்களுக்கு ஏங்க படல?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். வெகுநேரம் கழித்து, பாயை உதறும்போது, "கொத்தனாரை வரச் சொல்றேன்" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் சனிக்கிழமை கொத்தனார் நிஜமாகவே வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்து, "இதுல சமைச்சா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, மணலையும் சாமான்களையும் பின்பக்கம் இறக்கிப் போட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று போனார். அவர் கேட்டதுகூட எனக்கு அன்று உறைக்கவில்லை. பாத்திரங்களை மூட்டை கட்டும்போது பாட்டெல்லாம் முணுமுணுத்தேன். வெள்ளை டைல்ஸ்தான் போட வேண்டும், ஒரு புள்ளி அழுக்கு விழுந்தாலும் தெரிய வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தன் கேக் டப்பாவோடு வந்து நின்றான். வாயெல்லாம் பல். "அண்ணி! உங்க கிச்சன்தான் படத்துக்கே ஹீரோ! ரெண்டாம் பாகத்துக்குத் தயாரிப்பாளர் கிடைச்சாச்சு!" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கருத்துகளை அவனே உரக்கப் படித்தான், பாராட்டுப் பத்திரத்தைப் படிப்பதுபோல. அடுத்த பாகம் முழுக்க அந்த அடுப்படியிலேயே நடக்க வேண்டும் என்று ஜனங்கள் கேட்கிறார்களாம்.

"நாளைக்குக் கொத்தனார் வர்றார், தம்பி" என்றேன்.

அவன் முகம் சப்பென்று ஆகிவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். "என்னண்ணா இது? இடிச்சா எல்லாம் போச்சே! முதல் பாகத்துல இருந்த சுவர் ரெண்டாம் பாகத்துலயும் இருக்க வேணாமா? ஒரு ஆறு மாசம் பொறுங்க. படம் முடிஞ்சதும் நானே ஜம்முன்னு கட்டித் தர்றேன். பொது வீடு, என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

என் வீட்டுக்காரர் கேக்கை ஒரு துண்டு வாயில் போட்டிருந்தார். மென்றுகொண்டே தரையைப் பார்த்தார். "ஆறு மாசம்தானே…" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவனை 'நீங்க' என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று அது எங்கே போனதென்று தெரியவில்லை.

"அந்த மூணு வார உழைப்பு யாரோடது?"

"எது அண்ணி?"

"எழுதியிருந்தியே. கலை இயக்கக் குழுவோட மூணு வார உழைப்புன்னு."

அவன் சிரித்தான். "அதுவா! அதெல்லாம் சும்மா, விளம்பரத்துக்குச் சொல்றது. எங்க வீடே அப்படித்தான் இருக்கும்னு வெளியில சொல்ல முடியுமா?"

"சொல்ல உனக்கு வெட்கமா இருக்கு. நான் அதுல சமைக்கணும்."

"அண்ணி, நீங்க ஏன் இப்படி எடுத்துக்கிறீங்க…"

"மனுஷன் சமைச்சுத் தின்பானான்னு ஒருத்தன் கேட்டிருக்கான். நீ அதுக்கு ஹார்ட் போட்டிருக்க. வேலை வெட்டி இல்லாம இங்க கிடந்தியே, அப்ப எந்த அடுப்படியில சமைச்சதைத் தின்ன? தட்டை வழிச்சு வழிச்சுத் தின்னியே, அது யாரு, மிருகமா?"

"ஐயோ, அது உங்களைச் சொன்னது இல்ல அண்ணி! கொலைகாரனைச் சொன்னது!"

"கொலைகாரன் ஒரு நாள் வந்து கையைக் கழுவிட்டுப் போனான். அங்க குடியிருக்கிறது நான்."

"சரி விடு, சின்னப் பையன்கிட்ட போய்…" என்றார் என் வீட்டுக்காரர். சின்னப் பையனாம். காதோரம் நரைத்துவிட்டது.

நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பின்பக்கம் போய்க் கொத்தனார் சாமான்களைக் கிளறினேன். கரண்டி, மட்டப்பலகை, தூக்குக் குண்டு. அடியில் ஒரு சம்மட்டி இருந்தது. நான் நினைத்ததைவிடக் கனம். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். சிங்க்குக்கு மேலே, படத்தில் எல்லோரும் வாய்பிளந்து பார்த்த அந்தச் சுவரில், முதல் அடி அடித்தேன். பெரிய சத்தம்கூட வரவில்லை. ஈரக் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து சிங்க்குக்குள் விழுந்தது. பாக்கி எல்லாச் சத்தமும் கொழுந்தனிடமிருந்து வந்தது.

"அண்ணி! அண்ணா, அவங்களை நிறுத்துங்க! அண்ணா!"

இரண்டாவது அடியில் குழாய் பிய்த்துக்கொண்டு தொங்கியது. தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கொழுந்தன் வாசற்படியில் நின்றிருந்தான். பதற்றம் எல்லாம் போய், அவன் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. கை தானாகப் போனை உயர்த்திக்கொண்டிருந்தது. தலையெல்லாம் சுண்ணாம்பும் தண்ணீருமாக, கையில் சம்மட்டியோடு நிற்கிற என்னைப் படம் பிடிக்கிறான்!

"எடு" என்றேன். "நல்லா எடு. இதையும் போடு. அடியில இது யாரோட உழைப்புன்னு எழுதணும், நான் சொல்லித் தர்றேன்."

அவன் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

அப்போது என் வீட்டுக்காரர் அவனை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குனிந்து, மேடைக்குக் கீழே இருந்த வால்வை மூடித் தண்ணீரை நிறுத்தினார். கேஸ் சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றினார். காரைத் தூள் படிந்த அடுப்பை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தம்பியைத் தாண்டி வெளியே போனார். அடுப்பை என்னிடமிருந்து காப்பாற்றுகிறாரா, எனக்கு இடம் விடுகிறாரா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, அடுத்த அடிக்குச் சம்மட்டியை ஓங்கினேன்.