இரண்டரை மீட்டர் தள்ளி ஏழாம் புள்ளி

பதினொரு புள்ளிகளில் பத்து ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. ஏழாவது மட்டும் இரண்டரை மீட்டர் தள்ளி நின்றது. மென்பொருள் அந்த வரியைச் சிவப்பாக்கிக் காட்டியது. அந்தப் புள்ளியை அளந்தவர் என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். அதனால் எனக்கு முதலில் கவலை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் வேலை இதுதான். ஊருக்கு மேலே விமானம் பறந்து படம் எடுக்கும். அந்தப் படத்துக்குத் தான் பூமியில் எந்த இடத்துப் படம் என்று தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பதற்காக, விமானம் வருவதற்கு முன்னாலேயே அத்தான் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், மொட்டை மாடிகளிலும் மைதானங்களிலும் ஆள் நீளத்துக்கு வெள்ளைக் கூட்டல் குறி போட்டு வைப்பார். குறியின் நடுவில் கருவியை நிறுத்தி, இடத்தை அளந்து நோட்டில் எழுதுவார். பிறகு நான் கணினியில் படத்தைத் திறந்து, குறியைத் தேடிப் பிடித்து, அதன் நடுவில் ஒரு கிளிக் செய்து, அவர் எழுதிய எண்களை ஊட்டுவேன். பதினொரு இடத்தில் ஆணி அடித்த துணி மாதிரி படம் பூமியின் மேல் விரிந்து உட்காரும். அதற்கப்புறம்தான் அதன் மேல் சாலை, வீடு, சாக்கடை என்று எதையும் வரைய முடியும்.

அவருக்கு மூட்டை, எனக்கு மவுஸ். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இது ஒரு கூட்டு.

"விரல் வலிக்குதா மச்சினி? தைலம் வாங்கிட்டு வரட்டா?" என்பார் அத்தான்.

"பதினாறு வயசு வரைக்கும் மணல் சலிச்ச விரல் இது. உங்க சுண்ணாம்புக்கெல்லாம் வலிக்காது" என்பேன். பொய் இல்லை. எங்கள் அம்மா கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். அக்காவும் நானும் வளர்ந்தது மணல் குவியலில்தான்.

எங்கள் மேலதிகாரிக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் அரைப் பிக்சல். படம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு பிக்சல், தரையில் பத்து சென்டிமீட்டர். தப்பு அதில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். மேசையில் பேனா கோணலாகக் கிடந்தாலும் நேராக்கிவிட்டுத்தான் பேசுவார். அன்று காலை என் திரையைப் பார்த்ததும் இழவுச் செய்தி கேட்டவர் மாதிரி ஆனார்.

"ரெண்டரை மீட்டர். இருபத்தஞ்சு பிக்சல்! அளந்தது யாரு?"

யாரென்று அவருக்குத் தெரியும். போன வருஷம் அத்தான் இரண்டு புள்ளிகளின் எண்களை இடம் மாற்றி எழுதி, வேலை முழுவதும் திரும்பி வந்தது. அப்போது ஒரு கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு தடவை அளவில் தப்பு வந்தால் ஒப்பந்தம் ரத்து என்று அதில் இருந்தது.

"மூணு மணிக்கு அறிக்கை போகணும். அதுக்குள்ள அவரை நோட்டோட வரச்சொல்லுங்க. இனிமே வேற ஆளைத்தான் பார்க்கணும்போல."

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. அக்காவுக்கு ஏழு மாதம். தையல் ஆலைக்குப் போவதைப் போன மாதம்தான் நிறுத்தியிருந்தாள். அந்த வீட்டில் இப்போது ஓடுவது அத்தானுடைய கால் மட்டும்தான்.

போன் போட்டேன்.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

"ஏன், மவுஸ் ரொம்பக் கனமா இருக்கா? தூக்க ஆள் வேணுமா?"

"ஏழாம் பாயின்ட் ரெண்டரை மீட்டர் ஓடிப்போச்சு."

"சுண்ணாம்புக்குக் கால் முளைச்சிருச்சா?"

"விளையாடாதீங்க. அரைப் பிக்சல் அந்தப் பழைய கடுதாசியை மறக்கலை. நோட்டை எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

அடுத்து வண்டி கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

அரை மணியில் வந்துவிட்டார். வெளி வேலைக்காரர்களுக்கு அலுவலகம் கொடுத்த வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். சுண்ணாம்பு பட்டாலும் தெரியாது என்பது ஒன்றுதான் அந்த உடுப்பில் அவருக்குப் பிடித்த விஷயம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நோட்டை என் முன்னால் விரித்தார்.

"மூணு தரம் அளந்தேம்மா. ஒவ்வொரு தரமும் கருவி அஞ்சு நிமிஷம் நின்னுச்சு. பாரு, மூணும் ஒண்ணாத்தான் வந்திருக்கு."

கோழி கிளறின மாதிரி கையெழுத்து. எண்களைப் படிக்கவே எனக்குக் கண் பிதுங்கும். பக்கத்தில் அவர் போட்டிருக்கும் படத்தை நான் ஏறிட்டும் பார்ப்பதில்லை. மூன்று அளவையும் ஒப்பிட்டேன். ஒரு விரல்கடை கூட வித்தியாசம் இல்லை. அளவு சரி என்றால் தப்பு வேறு யாருடையது?

"நீ எங்க கிளிக் பண்ணே? காட்டு" என்றார்.

"நீங்க போட்ட குறியிலதான்."

மருந்துக்கடைக் கட்டடத்தின் மொட்டை மாடியைத் திரையில் கொண்டுவந்தேன். தண்ணீர்த் தொட்டி, அதன் கரு நிழல், அதை ஒட்டி வெயிலில் பளிச்சென்று வெள்ளைக் குறி. அத்தான் விரலைத் திரையில் வைத்தார். கையைத் தட்டிவிட்டேன்.

"சுண்ணாம்புக் கையை வைக்காதீங்க."

"தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் போகுதே, குழாய்ப் பக்கம்தான் குறி போட்டேன். நோட்டுல வரைஞ்சிருக்கேன் பாரு. நீ இந்தப் பக்கம் வந்து ஆணி அடிச்சு வச்சிருக்கே?"

நோட்டைப் பார்த்தேன். தொட்டிக்கு ஒரு வட்டம், குழாய்க்கு ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி. குழந்தை கிறுக்கினது மாதிரி இருந்தாலும் தெளிவாகத்தான் இருந்தது.

"இங்கதானே அத்தான் பளிச்னு வெள்ளையா இருக்கு?"

"கிட்டக் கொண்டுவா."

கட்டங்கள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. குறிக்கு இரண்டு பக்கமும் கை இருந்தது. மேலே குட்டையாக ஒரு நுனி, அதில் கறுப்பாக ஒரு பொட்டு. கீழே நீண்டு போய் இரண்டாகப் பிரிந்தது.

"உங்க குறிக்கு எப்போலேர்ந்து ரெண்டு கால்?" என்றேன்.

அத்தான் முன்னால் சாய்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார்.

"அந்த நீலமா இருக்கே, அது என் வாளி."

"வாளி மட்டுமா?"

காது சிவந்துபோய்ச் சொன்னார்: "மத்ததும் நான்தான்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "உங்க தொப்புள்ல ஆணி அடிச்சு ஊரையே இழுத்துக் கட்டியிருக்கேன் அத்தான்."

"அதான் அன்னைக்குப் பூரா வயித்தை வலிச்சுதோ."

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினார். அது மூன்றாம் நாள் வேலை. இரண்டு மூட்டையோடு நாலு மாடி ஏறியிருக்கிறார். எட்டு மணிக்கு வர வேண்டிய விமானம் மேகத்தால் வரவில்லை. குறியை யாரும் மிதித்துவிடாமல் காவல் இருக்க வேண்டும். தொட்டி நிழலில் ஐந்து நிமிஷம் என்று கையைக் காலை விரித்துச் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். மேகம் விலகியது. நிழல் அவரை விட்டு நகர்ந்து, குழாய்ப் பக்கம் போய், குறியின் மேல் படுத்துக்கொண்டது. வெயில் இவர்மேல் விழுந்தது. பதினொரு மணிக்கு விமானம் வந்துபோனதே அவருக்குத் தெரியாது.

"அன்னைக்கு மூஞ்சி தோல் உரிஞ்சு வந்தீங்களே. வெயில்ல ஓடியோடி வேலை பார்த்தேன்னு சொல்லி அக்கா கையால வெண்ணெய் தடவிக்கிட்டீங்களே."

"வெயில்ல இருந்தது உண்மைதானே மச்சினி?"

நிழல் விழுந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்கினேன். குழாய்க்குப் பக்கத்தில் மங்கலாக, அளவெடுத்த மாதிரி, அசல் குறி தெரிந்தது. தொப்புளிலிருந்து ஆணியைப் பிடுங்கி அங்கே அடித்தேன். இரண்டரை மீட்டர் நாலு சென்டிமீட்டராக இறங்கியது. சிவப்பு பச்சையானது.

"பாத்தியா! நான் தூங்கினாலும் நம்ம அளவு தூங்காது" என்றார் அத்தான். அடுத்த நொடியே முகம் சுருங்கியது. "ஆனா படம் எடுக்கும்போது பத்து மீட்டருக்குள்ள ஆள் இருக்கக் கூடாதே. அது தெரிஞ்சா?"

ஓசைப்படாமல் மாற்றிவிட்டுப் போகவும் வழியில்லை. நான் கிளிக் செய்த பதினொரு இடத்தையும் அரைப் பிக்சல் அச்செடுத்துச் சுவரில் குத்தி வைத்திருந்தார். ஏழாவதன் கீழே, 'குறி தெளிவாகத் தெரிகிறது' என்று என் கையெழுத்து.

"தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன். வேற வெள்ளையைப் பார்த்து ஏமாந்துட்டேன்னு."

"என்ன வெள்ளைன்னு கேப்பாரே?"

"காயப்போட்ட துணி."

"அதுல ஒண்ணும் பொய் இல்ல. துணி காய்ஞ்சுது" என்றார்.

நான் யாருக்காகவும் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் என் சின்ன வயதில், உச்சி வெயிலில் அம்மா சும்மாட்டைத் தலைக்கு வைத்து மணலில் சாய்வாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேஸ்திரி வந்து கூடையை எட்டி உதைப்பான். கூடை உருளும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாலு மாடி சுமந்தவன் உடம்பு படுக்கத்தான் செய்யும்.

இரண்டு பேரும் அரைப் பிக்சல் அறைக்குப் போனோம். துணிக் கதையையும் இப்போது வந்த நாலு சென்டிமீட்டரையும் சொன்னேன். அவர் தன் கணினியில் மருந்துக்கடை மாடியைத் திறந்தார். பெரிதாக்கினார். நீளம் அளக்கும் கோட்டை எடுத்து அந்த வெள்ளையின் உச்சியிலிருந்து அடிவரை இழுத்தார்.

"ஒரு மீட்டர் எழுபது" என்றார். பிறகு குறுக்கே இழுத்தார். "இங்கேயும் ஏறக்குறைய அதேதான். இது என்ன துணி?"

"சட்டையும் பேன்ட்டும் சார்" என்றார் அத்தான்.

"காய்ஞ்சுதா?"

"நல்லா காய்ஞ்சுது சார்."

"உள்ள ஆள் இருந்தாரா?"

அத்தான் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இருந்தார் சார்."

"பத்து மீட்டர் விதி தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் சார். தூங்கும்போது மறந்துடுச்சு."

என் பக்கம் திரும்பினார். "நீங்க நோட்டுல இருந்த படத்தைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏழாவதுக்கு மட்டுமா?"

"எதுக்குமே பார்க்கலை சார்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கடிதத்தின் நகலை எடுத்தார். அத்தானின் கை என் நாற்காலி முதுகைப் பிடித்தது. அரைப் பிக்சல் அதை முதலிலிருந்து கடைசிவரை, எழுத்து எழுத்தாகப் படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார்.

"அளவில் தப்புன்னுதான் போட்டிருக்கு. இங்க வித்தியாசம் நாலு சென்டிமீட்டர்தான். அரைப் பிக்சலுக்குள்ள இருக்கு." கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். "தூக்கத்தைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல."

அத்தான் மூச்சை விட்டார். அதோடு போயிருக்கலாம்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? நான் பழுப்புச் சட்டை போட்டிருந்தா மச்சினி ஏமாந்திருக்காது."

அறையில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வெயிலுக்கு வெள்ளையே உகந்தது என்று போன கோடையில் சுற்றறிக்கை விட்டது அரைப் பிக்சல்தான். அவர் தொண்டையைச் செருமினார். ஏற்கெனவே நேராக இருந்த பேனாவை நேராக்கினார். அறிக்கையில் 'ஏழாம் புள்ளி அருகே தற்காலிகப் பொருள்' என்று எழுதச் சொன்னார். இனிமேல் குறி போட்டவர் கிளிக் செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இன்றைக்கே, பதினொன்றுக்கும்.

மூணு மணி வரை அத்தான் என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து என் உயிரை எடுத்தார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அட, மெதுவா. மூட்டையா தூக்கறே, இப்படி மூச்சு வாங்கறே?" மற்ற பத்தும் சரியாகவே இருந்தன. அறிக்கை மூணு அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது போய்விட்டது. தற்காலிகப் பொருள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த மாடிப் படத்தில் ஒரு அச்சு வேண்டும் என்று என் காதில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அது என்ன படம் என்று அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். எனக்கு ஒரு நாள் முழுக்கத் தெரியாதது அவளுக்கு அரை நொடியில் தெரிந்துவிட்டது.

"இது இவர்தானே? தினம் ராத்திரி இப்படித்தான் கட்டில் பூரா விரிச்சுப் போட்டுப் படுக்கறார்." அத்தானின் கைக்கும் மாடிச் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் விரலை வைத்தாள். "எனக்கு மிச்சம் விடற இடம் இவ்வளவுதான்."

மறுநாள் அலுவலகத்தில் அந்தச் சந்தை அளந்து பார்த்தேன். மூன்று பிக்சல்.