நகராத புள்ளி

மாத்தளை டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிற சிவசாமிக்கு, ஊரார் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சைக்கிள் ஓடலாம், தன் மகள் மட்டும் ஓடக் கூடாது. நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லைதான். அலுவிகாரைப் பக்கத்துத் தாய்மார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தால், "ஓடட்டும்மா, காலுக்குப் பலம்" என்று சொல்லி வந்த வேகத்தில் விற்றுவிடுவார். கொழும்பில் வேலைக்குப் போன சுபாஷினி, "பஸ்ல நசுங்கிச் சாக முடியாதுப்பா, நம்ம கடையில இருந்து ஒரு சைக்கிள் அனுப்புங்க" என்று கேட்டபோதுதான் மனுஷனுக்குச் சோறு இறங்காமல் போனது.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பனுடைய பிடிவாதத்தில் பாதியாவது வராமல் போகுமா? ஒரு மாதம் இழுபறிப்பட்டு, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சைக்கிள் கிடைக்கும். ஆனால் சிவசாமி வரவழைத்துத் தரும் இரண்டு சாமான்கள் இல்லாமல் ரோட்டில் இறங்கக் கூடாது. ஒன்று, ஓடுகிறவர் விழுந்தால் அதைக் கண்டுகொண்டு வீட்டாருடைய போனுக்குச் செய்தி அனுப்புகிற ஹெல்மெட். மற்றது, சைக்கிள் எங்கே போகிறது என்று போனில் காட்டிக்கொண்டே இருக்கிற பின் லைட். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆப். செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று அது கேட்ட இடத்தில் சிவசாமி தன்னுடைய நம்பரைத் தன் கையாலேயே போட்டார்.

அன்றிலிருந்து காலை வேளையில் கடையில் வியாபாரம் அரைகுறைதான். போன் திரையில், மகள் தங்கியிருக்கிற வெள்ளவத்தையில், பச்சைப் புள்ளி ஒன்று அசையும். சிவசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். டியூப் வாங்க வந்தவனிடம், "இரு தம்பி, பாலத்தத் தாண்டட்டும்" என்பார். புள்ளி கொஞ்சம் நின்றால் போதும், உடனே போன் பறக்கும். "ஏம்மா நின்னுட்ட?" "சிக்னல்ப்பா! சிக்னல்ல நிக்காம பறந்தா போவாங்க?" இப்படியே தினமும் நடந்தால் எந்தப் பிள்ளைதான் பொறுக்கும்? ஒரு தடவை ஹெல்மெட் மேசையிலிருந்து விழுந்து செய்தி வந்துவிட, சிவசாமி சாரத்தோடேயே வேனில் ஏறிக் கொழும்புப் பாதையில் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் போய்விட்டார். அன்றைக்கு மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இனி காலையில என் போன் சைலண்ட்ல தான் இருக்கும். ஆபீஸ் போய் நானே எடுக்கிறேன்."

எதிர்ச்சாரியில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற பலீல் நானாவுக்கு இதெல்லாம் ஒரு தமாஷ். அவருடைய மகள் நிஷ்மியாவும் கொழும்பில்தான் வேலை. சுபாஷினியோடு ஒரே அறை. முதலில் நிஷ்மியாவை அனுப்ப அவருடைய மனைவி நாச்சியாவுக்கு மனமே இல்லை. ரோட்டைக் கடந்து போய் அந்த அம்மாவிடம் பேசியது சிவசாமிதான். "என் பிள்ளையப் பாக்கிற கண்ணாலேயே உங்க பிள்ளையையும் பாத்துக்குவேன், பயப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்தார். அப்படித்தான் அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போனது.

பலீல் நானா மகளைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நிம்மதியாக மிளகு நிறுக்கிறவர். "புள்ளியப் பாத்து என்ன செய்ய அண்ணே? அல்லாஹ் பாத்துக்குவான்" என்று சிரிப்பார். ஆனாலும் ஒரு வழக்கம் விழுந்துவிட்டது. புள்ளி ஆபீஸ் வாசலில் போய் நின்றதும் சிவசாமி ரோட்டைக் கடந்து, "போயாச்சு நானா" என்று சொல்லுவார். நானா உடனே பிளேன் டீ ஊற்றச் சொல்லுவார். இரண்டு பேரும் குடித்து முடித்தால்தான் அந்தக் கடைவீதிக்கே பொழுது விடிந்த மாதிரி.

அன்றைக்குச் சிவசாமி ஒரு சைக்கிள் சில்லைச் சுற்றிவிட்டு அதன் கோணலை எடுத்துக்கொண்டிருந்தார். புள்ளி வழக்கத்தைவிடப் பிந்தித்தான் கிளம்பியது. ஆடி ஆடிப் போனது வேறு. 'இன்னைக்கு ஏன் இந்தப் பிள்ளை நத்தை மாதிரி ஊருது' என்று நினைத்துக்கொண்டார். போன் பண்ணக் கை துறுதுறுத்தது. மகள் கண்டித்துச் சொன்னதற்காகப் பண்ணவில்லை.

அப்போதுதான் போன் கத்தியது. கூப்பிடுகிற சத்தம் இல்லை, ஒரு மாதிரி அலறல். திரையில் இங்கிலீஷில் எழுத்து. சுபாஷினி விழுந்துவிட்டதாகத் தெரிகிறது, பதில் இல்லை, இடம் இது என்று இருந்தது. பம்பலப்பிட்டியில், நடு ரோட்டில், புள்ளி சிவப்பாக மாறி நின்றிருந்தது.

சில்லு கையிலிருந்து உருண்டு போய்ச் சுவரில் மோதியது. மேசையிலிருந்து விழுந்திருக்கும், மேசையிலிருந்துதான் என்று வாய் முணுமுணுத்தது. ரோட்டில் ஏது மேசை? மகளுக்கு எடுத்தார். அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. மறுபடி எடுத்தார். சைலண்டில் வைக்க வைத்ததே நம் தொல்லைதானே என்று நினைத்தபோது அவருக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. நிஷ்மியாவுக்கு எடுத்தார். அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. "அட, இந்தப் பிள்ளைக்கும் என்ன கேடு! எடுத்தா என்னவாம்?" என்று கடைக்குள் நின்று கத்தினார்.

வேனை எடுத்தால் கொழும்பு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். கோயிலுக்குப் போயிருக்கிற மனைவி பரிமளத்துக்குச் சொல்லலாம். சொல்லி அவளையும் தெருவில் விழ வைப்பதா? பாழாய்ப் போன சாமான், மகள் எந்தக் கடை வாசலில் கிடக்கிறாள் என்பதுவரைக்கும் காட்டியது. போய்த் தூக்க ஒரு கையைக் காட்டவில்லை. கொழும்பில் அவருக்குத் தெரிந்தவர் என்று ஆத்திர அவசரத்துக்கு ஒரு பெயர் ஞாபகம் வரவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்தார். நகரு தாயே, கொஞ்சம் நகரு என்று கெஞ்சினார். அது நகரவில்லை.

விரலால் படத்தைப் பெரிதாக்கியபோது புள்ளிக்குப் பக்கத்தில் பாமசி என்று ஒரு மருந்துக்கடையின் பெயர் வந்தது. தொட்டால் அதன் நம்பர். கடவுளே கொடுத்த மாதிரி இருந்தது. எடுத்தது ஒரு பெண், சிங்களத்தில் பேசினாள். சிவசாமி சரளமாகச் சிங்களம் பேசுகிறவர், அன்றைக்கு எல்லாம் மறந்து போனது. "மகே துவ, மிஸ், மகே துவ" என்பதற்கு மேல் வரவில்லை. என் மகள், என் மகள் என்று அழுகிற கிழவனிடம் அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

அவள் திரும்பி வருகிற வரைக்கும் போனில் கொழும்பு ரோட்டின் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்க்கடையில் பலீல் நானா தராசுக்குப் பக்கத்தில் நின்று மிளகு கொண்டுவந்த யாரோ ஒரு நாவுல ஊர்க்காரனோடு விலை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிவசாமிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. குடுத்து வைத்த மனுஷன், புள்ளியும் இல்லை, பொல்லாப்பும் இல்லை என்று நினைத்தார்.

"ஐயா," அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "பஸ் ஒண்ணு இடது பக்கம் வெட்டியிருக்கு. இப்பத்தான் த்ரீவீல்ல ஏத்தி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம். சைக்கிள் எங்க வாசல்ல கிடக்கு."

"பேசினாளா? வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினாளா?" மறந்த சிங்களம் தானாக வந்தது.

"இல்லை ஐயா. பைக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம். கண்ணாடி நொறுங்கினதால யாருக்கும் எடுக்க முடியல. ஹெல்மெட்டும் வெடிச்சிருக்கு. உள்ள கட்டியிருந்த முக்காடெல்லாம் ரத்தமாம்."

"முக்காடா?"

"ஆமா ஐயா, தலையில முக்காடு. முஸ்லிம் பிள்ளை தானே?"

சிவசாமி சுவரில் சாய்ந்தார். மறைப்பானேன், அந்த நிமிஷம் அவர் மனதில் வந்தது சந்தோஷம்தான். அடிவயிற்றிலிருந்து பொங்கி, கண்ணால் வழிந்த சந்தோஷம். "இல்ல மிஸ், நாங்க இந்துக்கள், அது என் பிள்ளை இல்லை, என் பிள்ளை இல்லை!" என்று அவளுக்கே சுப செய்தி சொல்வதுபோலச் சொன்னார். முத்துமாரியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வாய்விட்டே சொன்னார்.

சொன்ன வாய் மூடுவதற்குள் உள்ளே ஏதோ இடித்தது. சைக்கிள் நம்முடையது. ஹெல்மெட் நம்முடையது. அதை எடுத்துத் தலையில் போட அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? சற்று முன் அவர் நிஷ்மியாவுக்கு எடுத்தார், அடித்துக்கொண்டே இருந்தது. பைக்குள் அடித்த போனும் அதுதானா? எதிர்க்கடையைப் பார்க்கவே கூடாது என்று சில்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றாத சில்லைச் சுற்றுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். வேறு யாராவது திருடிக்கொண்டு போயிருப்பார்கள். திருடியவளாக இருக்கட்டும் தாயே, திருடியவளாகவே இருக்கட்டும்.

அரை மணி நேரம் கழிந்து போன் அடித்தது. சுபாஷினி. அழுகையில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. "நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்ப்பா... எனக்கு ஒண்ணுமில்லை... நிஷ்மியாப்பா..."

"அவ எப்படி உன் சைக்கிள்ல?"

"எனக்கு ராவெல்லாம் காய்ச்சல். அவளுக்கு பஸ் தவறிடுச்சு, சைக்கிளத் தரச் சொல்லிக் கேட்டா. ஞாயித்துக்கிழமையில நான்தான் வீட்டுப் பக்கத்து ஒழுங்கைச் சந்துல பழக்கினேன். நல்லா ஓடுவாப்பா. ஹெல்மெட்ட நானே மாட்டி விட்டேன். உங்க மிஸ்ட் கால் எல்லாம் பாத்துட்டு, ஆப் காட்டின இடத்துக்கு ஓடி, அங்க இருந்து இங்க வந்தேன்."

"காய்ச்சல்னு ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேன எடுத்துட்டு வந்திருவீங்களே!"

சிவசாமி சில்லைத் தரையில் வைத்தார்.

"அப்பா, கேளுங்க. மூளையில ரத்தம் கட்டியிருக்காம். உடனே ஆபரேஷனாம். டாக்டர் அவ வாப்பாவோட பேசணும்கிறார். நான் எப்படிப்பா சொல்லுவேன்? நீங்க எதிர்லதானே இருக்கீங்க. போய்ச் சொல்லுங்கப்பா. கெதியாப் போங்க."

"பிழைச்சிருவாளா?"

"தெரியலப்பா." அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள்.

நாலு எட்டு வைத்தால் எதிர்க்கடை. இத்தனை வருஷம் அந்த ரோட்டை அவர் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறார். இன்றைக்குக் கண்டி பஸ் ஒன்று போனது, விட்டார். லொறி ஒன்று போனது, அதையும் விட்டார். ரோடு வெறிச்சென்று கிடந்தபோதும் கால் வரவில்லை. நாச்சியாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து தான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளையைத்தான். ஆடி ஆடிப் போனதும், நின்றதும், எல்லாம் இந்தக் கண்ணாலேயே பார்த்தாயிற்று. பார்த்து என்ன கிழித்தோம்? டாக்டர் காத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்து பின்னாலிருந்து தள்ள, செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி நடந்தார்.

அவர் ரோட்டின் நடுவில் வரும்போதே பலீல் நானா கண்டுவிட்டார். வழக்கமான நேரம் கொஞ்சம் தப்பியிருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. உள்ளே திரும்பி, "ரெண்டு பிளேன் டீ, ஒண்டுக்கு சீனி கொற" என்று குரல் கொடுத்தார். மிளகுத் தூசி படிந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"என்னண்ணே, இண்டைக்கு லேட்டு? சுபா ஆபீஸ் போய்ட்டாவா?"

சிவசாமி கையிலிருந்த போனை நீட்டினார். திரையில் சிவப்புப் புள்ளி, பாமசி வாசலில், அப்படியே நின்றது.

நானா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு ஏன் காட்டுற? ஒங்கட புள்ளட புள்ளி தானே?"

"இல்ல நானா," என்றார் சிவசாமி. "இது உங்க பிள்ளை."